குதிகால் எலும்பு முள்: வெட்டி எடுக்க வேண்டியது முள் அல்ல

கேள்வி: எனக்கு வயது 47. பள்ளி ஆசிரியை. தினமும் ஐந்தாறு மணி நேரம் நின்றுகொண்டே வேலை. நான்கு மாதமாக வலது குதிகாலில் வலி. காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் காலை ஊன்றியதும் ஆணியை மிதித்தது போல் சுளீரென்கிறது. பத்துப் பதினைந்து அடி நடந்தால் குறைகிறது. மாலையில் மறுபடி வந்துவிடுகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு முள் வளர்ந்திருப்பதாகத் தெரிந்தது. அந்த முள் குத்துவதால்தான் வலி, ஆபரேஷன் செய்து எடுத்தால்தான் தீரும் என்கிறார்கள். நான் சாப்பிடும் கால்சியம் மாத்திரைதான் காரணம் என்று அதை நிறுத்தச் சொல்கிறார்கள். ஒருமுறை குதிகாலில் ஊசி போட்டதில் ஆறு வாரம் நன்றாக இருந்தது, பிறகு பழையபடி வலி. இன்னொரு ஊசி போட்டுக்கொள்ளலாமா? மாலை நடைப்பயிற்சியை நிறுத்திவிடவா? சர்க்கரை நோய் உண்டு. மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் இப்போது தேவையில்லை. இரண்டாவது ஊசிக்கு அவசரப்படாதீர்கள். கால்சியம் மாத்திரையை இதற்காக நிறுத்தாதீர்கள். நடையை முழுக்க விட வேண்டாம், குறைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று புரிந்துவிட்டால், அடுத்த மூன்று மாதம் செய்ய வேண்டியதைப் பொறுமையோடு செய்ய உங்களுக்கே மனம் வரும்.

‘முள்’ என்ற சொல்தான் பாதி பயத்தை உண்டாக்குகிறது. உங்கள் எக்ஸ்ரே படத்தை எடுத்து ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். குதிகால் எலும்பின் அடிப்பக்கத்தில், முன்புறமாகக் கூர்மையாக ஒன்று நீண்டிருக்கும். அதன் நுனி தரையை நோக்கியா இருக்கிறது? இல்லை, விரல்களை நோக்கி, உள்ளங்காலுக்கு இணையாகப் படுத்திருக்கும். பக்கவாட்டிலிருந்து எடுத்த படம் என்பதால் முள் போலத் தெரிகிறது. உண்மையில் அது எலும்பின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னத் திண்ணை மாதிரி. அதற்கும் தரைக்கும் நடுவில் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்குக் கொழுப்புத் திசு மெத்தை போல இருக்கிறது. நீங்கள் காலை ஊன்றும்போது அந்த முள் சதையில் குத்துவதில்லை.

குதிகாலில் வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு வேறு காரணத்துக்காக எக்ஸ்ரே எடுக்கும்போது இதே முள் தெரியும். கடுமையாக வலிப்பவர்களில் பலருக்கு முள்ளே இருக்காது. முள்ளின் நீளத்துக்கும் வலியின் அளவுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வலி முழுக்கத் தீர்ந்த பிறகு மறுபடி படம் எடுத்தாலும் முள் அங்கேயேதான் இருக்கும். அதைக் கரைக்கும் மருந்தோ எண்ணெயோ உணவோ எதுவும் இல்லை; கரைய வேண்டிய அவசியமும் இல்லை.

கால்சியம் பற்றி: சாப்பிடும் கால்சியம் போய்க் குதிகாலில் படிவதால் இந்த முள் வருவதில்லை. ஒரே இடத்தில் வருடக்கணக்கில் இழுவையும் அழுத்தமும் விழுந்தால், அந்த இடத்தை வலுப்படுத்த உடம்பு தானே எலும்பை வளர்த்துக்கொள்கிறது. மாத்திரையை நிறுத்தினால் முள் சுருங்காது. உங்கள் வயதில் மற்ற எலும்புகள் பலவீனமாகத்தான் வழி பிறக்கும். எழுதிக்கொடுத்த மருத்துவர் வேறு காரணத்துக்காக நிறுத்தச் சொன்னால் மட்டும் நிறுத்துங்கள்.

அப்படியானால் வலிப்பது எது? குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடி வரை, உள்ளங்கால் நெடுக ஒரு தடித்த நார்ப்பட்டை ஓடுகிறது. ‘பிளான்டார் ஃபேசியா’ என்பது அதன் பெயர். உட்கார்ந்தபடி வலது காலைத் தூக்கி இடது தொடைமேல் வைத்து, பெருவிரலைப் பின்னோக்கி, முழங்காலைப் பார்க்க மடக்குங்கள். மறு கையின் கட்டைவிரலால் உள்ளங்காலின் நடுவே தடவினால் வில்லின் நாண் போல விறைத்த ஒன்று தட்டுப்படும். அதுதான் அந்தப் பட்டை. ஒவ்வொரு அடியிலும் குதிகால் தரையை விட்டு எழும்பி விரல்கள் மடங்கும்போது இந்த நாண் இறுகி, பாதத்தின் வளைவைத் தூக்கிப் பிடிக்கிறது. அந்த இழுவை முழுவதும் போய் முடியும் இடம், குதிகால் எலும்பின் அடியில் உட்புறமாக இருக்கும் ஒரு சின்ன மேடு. சேதம் அங்கேதான்.

நாள்பட்ட வலியில் இந்தப் பட்டை வெறுமனே வீங்கிப்போய் இருப்பதில்லை. நார்கள் ஒழுங்கு குலைந்து, நைந்து, தடித்துவிடுகின்றன. ஸ்கேனில் அளந்தால் சாதாரணமாக 4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டியது அதைத் தாண்டியிருக்கும். வீக்கத்தைக் குறைக்கும் மாத்திரையும் ஊசியும் சில வாரங்களுக்கு மட்டும் கேட்பதற்கு இதுவே காரணம். நைந்த நாரை அவை சீராக்குவதில்லை. அளவான பளுவைத் தொடர்ந்து கொடுத்தால்தான் நார் மறுபடி வலுப்பெறும்.

காலை முதல் அடியின் வேதனைக்கும் இதிலேயே விடை இருக்கிறது. தூங்கும்போது பாதம் தானாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். இரவு முழுக்கப் பட்டையும் கெண்டைச் சதையும் சுருங்கிய நிலையில் விறைத்துப்போகின்றன. கண் விழித்ததும் உங்கள் முழு எடையும் ஒரே நொடியில் அதன்மேல் விழுகிறது. சில அடி நடந்ததும் இளகிவிடுவதால் வலி குறைகிறது. பிறகு பகல் முழுவதும் நின்றதன் சுமை சேர்ந்து மாலையில் மறுபடி தலைகாட்டுகிறது. நீங்கள் எழுதிய விவரம் இதற்கு அப்படியே பொருந்துகிறது.

இருந்தாலும் வேறு ஏதாவதா என்று பார்த்துவிடுவது நல்லது. கட்டைவிரலால் குதிகாலின் அடிப்பகுதியில், உள்பக்க முன் விளிம்பில் அழுத்துங்கள். ‘ஆ’ என்று காலை இழுத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரே ஒரு புள்ளி வலித்தால் அது இந்தப் பட்டையின் வலிதான். குதிகாலின் நட்டநடுவில், வெறுந்தரையில் நடக்கும்போது மட்டும், கல் மிதித்தது போல வலித்தால் கொழுப்பு மெத்தை தேய்ந்திருக்கலாம். குதிகாலை இரு பக்கமும் உள்ளங்கைகளால் சேர்த்து அமுக்கினால் வலி உயிர் போகிறது என்றால் எலும்பில் நுண்முறிவு இருக்கக்கூடும். அதைப் பயிற்சி செய்து சரிப்படுத்தப் பார்க்கக் கூடாது. எரிச்சல், மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு இருந்தால் நரம்பைப் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர் என்பதால் இதை நீங்கள் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வலி குதிகாலின் பின்புறம், கெண்டைச் சதையைக் குதிகாலோடு இணைக்கும் தடித்த குதிநாண் ஒட்டும் இடத்தில் இருந்தால் அது வேறு நோய், வேறு சிகிச்சை.

இரண்டு குதிகாலும் ஒன்றாக வலித்து, காலையில் இடுப்பும் முதுகும் அரை மணி நேரத்துக்கு மேல் இறுகியிருந்தால், அல்லது அடிக்கடி கண் சிவந்து வலித்தால், மூட்டு வாத மருத்துவரைப் பார்க்க வேண்டும். குதிகால் சிவந்து சூடாகி வீங்குவது, காய்ச்சல், படுத்திருக்கும்போதும் விடாத இரவு வலி, ‘பட்’டென்று ஏதோ அறுந்த உணர்வு, காலையே ஊன்ற முடியாமை, பாதத்தில் ஆறாத புண் ஆகியவற்றில் எது இருந்தாலும் இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருக்காமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

இனி செய்ய வேண்டியது. எல்லாவற்றிலும் முதன்மையானது, படுக்கையை விட்டு இறங்குவதற்கு முன் செய்ய வேண்டிய பயிற்சி. எழுந்து உட்காருங்கள். சற்று முன் சொன்னபடி வலது காலை இடது தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். வலது கையால் ஐந்து விரல்களையும் அடியோடு சேர்த்துப் பிடித்து, முழங்காலை நோக்கிப் பின்னால் மடக்குங்கள். விரல் நுனியை மட்டும் பிடித்து இழுத்தால் விரல் மூட்டுதான் வலிக்கும், பட்டை இழுபடாது. விரல்கள் பாதத்தோடு சேரும் இடத்தில் பிடிக்க வேண்டும். இடது கட்டைவிரலால் உள்ளங்காலைத் தொட்டுப் பாருங்கள். நாண் விறைத்திருந்தால் சரியாகச் செய்கிறீர்கள். பத்து எண்ணும் வரை பிடித்து, விட்டு, மறுபடி. இப்படிப் பத்து முறை. மொத்தம் மூன்று நிமிடம்கூட ஆகாது. இதை நாளுக்கு மூன்று முறை செய்யுங்கள். அதில் ஒன்று காலை முதல் அடிக்கு முன்பாகக் கட்டாயம் இருக்க வேண்டும். நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் ஒரு சுற்று செய்தால் அந்த ‘சுளீர்’ அடங்கும். பலர் இதைக் குளித்துவிட்டு, சமையல் முடித்துவிட்டுச் செய்கிறார்கள். அதற்குள் இருநூறு அடி நடந்து, நைந்த நாரை மறுபடி இழுத்துவிட்டிருப்பார்கள். படுக்கைக்குப் பக்கத்திலேயே செருப்பையும் வைத்துவிடுங்கள்; பயிற்சி முடிந்ததும் வெறுங்காலைத் தரையில் வைக்காமல் நேராக அதில் நுழைக்க வேண்டும்.

அடுத்தது கெண்டைச் சதை. இது இறுகியிருந்தால் கணுக்கால் போதுமான அளவு மடங்காது. அந்தக் குறையைப் பாதத்தின் பட்டை சுமக்க வேண்டி வரும். சுவரில் இரு கைகளையும் ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, முழங்காலை நேராக வைத்தபடி உடம்பை முன்னால் சாயுங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது, பாதம் வெளிப்பக்கம் திரும்பக் கூடாது. பாதம் திரும்பிவிட்டால் சாய்வது போல் தெரியுமே தவிர சதை இழுபடாது. இந்தத் தவறு மிகச் சாதாரணம். முப்பது விநாடி, மூன்று முறை. பிறகு அதே நிலையில் பின்கால் முழங்காலைச் சற்று மடக்கி மறுபடி முப்பது விநாடி, மூன்று முறை. நேராக வைத்தால் மேலே உள்ள சதை, மடக்கினால் அதற்கு அடியில் உள்ள சதை என இரண்டுக்கும் வேலை. காலை ஒருமுறை, மாலை ஒருமுறை போதும்.

இழுவைப் பயிற்சி வலியைத் தணிக்கும். நாரை வலுவாக்குவது அடுத்து வரும் பயிற்சி. பெரும்பாலோர் விட்டுவிடுவதும் இதைத்தான். ஒரு துண்டைச் சுருட்டி மாடிப்படியின் விளிம்பில் வையுங்கள். விரல்கள் துண்டின்மேல் ஏறி மேல்நோக்கி மடங்கியிருக்க, பாதத்தின் முன்பகுதி படியிலும் குதிகால் வெளியே அந்தரத்திலும் இருக்க வேண்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று எண்ணிக்கையில் மெதுவாகக் குதிகாலை உயர்த்தி, உச்சியில் இரண்டு எண்ணிக்கை நின்று, மூன்று எண்ணிக்கையில் இறக்குங்கள். துண்டு எதற்கென்றால், விரல்கள் மடங்கியிருந்தால்தான் நாண் இறுகும். அதில்லாமல் செய்தால் கெண்டைச் சதைக்கு மட்டும்தான் பயிற்சி.

முதலில் இரண்டு காலாலும் சேர்த்துத் தொடங்குங்கள். 12 முறை, நடுவில் இரண்டு நிமிட ஓய்வு, அப்படி மூன்று சுற்று. ஒருநாள் விட்டு ஒருநாள்தான். தினமும் வேண்டாம், நார் சீராக அந்த இடைவெளி வேண்டும். 12 சுலபமாகிவிட்டால் வலிக்கும் காலால் மட்டும் செய்யுங்கள். ஒற்றைக் காலிலும் சுலபமாகிவிட்டால் முதுகுப்பையில் புத்தகங்களைப் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள். பளு கூடக் கூட எண்ணிக்கையை 10, பிறகு 8 என்று குறைத்து, சுற்றுகளை நான்கு, ஐந்து என்று கூட்டலாம். செய்யும்போது பத்துக்கு மூன்று, நான்கு அளவுக்கு வலி இருந்தால் பரவாயில்லை. முதல் சில வாரம் பெரிதாக மாற்றம் தெரியாது. அங்கே மனம் தளர்ந்து நிறுத்திவிடாதீர்கள். இந்தப் பயிற்சியின் பலன் மூன்று மாதத்தை ஒட்டித்தான் நன்றாகத் தெரியும்.

இத்தனைக்கும் ஒரு அளவுகோல் வேண்டும். தினமும் காலை முதல் அடியின் வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு மதிப்பெண் போட்டு நாட்காட்டியில் எழுதிவையுங்கள். நேற்று செய்தது அதிகமா, சரியா என்பதை இன்றைய மதிப்பெண் சொல்லிவிடும். இரண்டு புள்ளி ஏறியிருந்தால் பயிற்சியையோ நடையையோ குறைக்க வேண்டும். ஒருநாள் ஏற்றத்தைப் பார்த்துக் கலங்காதீர்கள். வாரத்துக்கு வாரம் ஒப்பிடுங்கள்.

செருப்பு விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன்: வீட்டுக்குள்ளும் வெறுங்கால் வேண்டாம், குறைந்தது மூன்று மாதத்துக்கு. தட்டையான, மெல்லிய செருப்பும் வெறுங்காலும் ஏறத்தாழ ஒன்றுதான். வெளியே போகும் ஷூவை இரண்டு கையாலும் பிடித்து மடக்கிப் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் மடங்கினால் நல்லது, நடுவில் மடங்கினால் உங்களுக்கு ஆகாது. குதிகால் பகுதி விறைப்பாகவும், முன்பக்கத்தைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாகவும் இருக்கட்டும். அதற்குள் ஒரு சிலிக்கான் ஹீல் பேட் அல்லது பாத வளைவைத் தாங்கும் இன்சோல் வைக்கலாம். ஹீல் பேடை வலிக்கும் காலுக்கு மட்டும் வைத்தால் இரு காலின் உயரமும் மாறி முழங்காலும் இடுப்பும் வலிக்கத் தொடங்கும். இரண்டு காலுக்கும் வையுங்கள். அளவெடுத்துச் செய்யும் விலையுயர்ந்த இன்சோல்தான் வேண்டும் என்பதில்லை. சரியாகப் பொருந்தினால் ஆயத்தமாகக் கிடைப்பதும் பெரும்பாலோருக்கு அதே பலன் தரும்.

வகுப்பில் தொடர்ந்து நிற்பதை உடையுங்கள். அரை மணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடமாவது உட்கார்ந்து, முடிந்தால் ஷூவுக்குள்ளேயே விரல்களை மேல்நோக்கி மடக்கி மடக்கி விடுங்கள். ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதைவிட நடந்துகொண்டே பாடம் நடத்துவது மேல். உடல் எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பது இந்தப் பட்டைக்கு மிகுந்த ஆறுதல். ஆனால் எடை குறையட்டும், பிறகு பயிற்சி என்று காத்திருக்க வேண்டாம்.

மாலையில் வலி மிஞ்சினால் ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். சிறிய பாட்டிலில் தண்ணீரை உறையவைத்து, துணி சுற்றி, உள்ளங்காலின் கீழ் பத்து நிமிடம் உருட்டுங்கள். உங்களுக்கு ஒரு நிபந்தனை: பாதத்தில் தொடு உணர்ச்சி சரியாக இருக்கிறதா என்று மருத்துவரிடம் சோதித்த பிறகே ஐஸோ வெந்நீரோ வைக்க வேண்டும். உணர்ச்சி குறைந்த பாதத்தில் இரண்டுமே தெரியாமல் புண்ணாக்கிவிடும். வலிக்கும் புள்ளியைக் கட்டையாலும் பந்தாலும் நசுக்கித் தேய்ப்பதை நிறுத்துங்கள்; உருட்டுவது பாத வளைவில் இருக்கட்டும், அந்தப் புள்ளியில் வேண்டாம். வலி மாத்திரை சில நாள்களுக்கு மட்டும், அதுவும் சிறுநீரகம், இரைப்பை, இதயம் பற்றிய விவரம் தெரிந்த மருத்துவர் சொன்னால் மட்டும்.

இரண்டு மாதப் பயிற்சிக்குப் பிறகும் காலை வலி அசையவில்லை என்றால் இரவில் கணுக்காலைச் செங்கோணத்தில் பிடித்துவைக்கும் நைட் ஸ்பிளின்ட் உதவும். தூக்கம் கெடுகிறது என்று பலர் ஒரு வாரத்தில் கழற்றிவிடுவார்கள். முதல் சில நாள் ஓரிரு மணி நேரம் மட்டும் போட்டுப் பழகினால் பொறுத்துக்கொள்ளலாம்.

ஊசி பற்றி. ஸ்டீராய்டு ஊசி வலியைச் சில வாரங்களுக்கு அடக்குகிறது, அவ்வளவுதான். உங்களுக்கு நடந்ததும் அதுவே. திரும்பத் திரும்பப் போட்டால் பட்டை அறுந்துபோகவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியவும் வாய்ப்பு உண்டு. மெத்தை மெலிந்தால் அதைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. அத்தோடு சர்க்கரை அளவும் சில நாள்களுக்கு ஏறும். ஊசி போட்ட ஆறு வாரமும் வலியில்லாமல் இருந்தபோது பயிற்சி செய்திருந்தால் அது வீணாகியிருக்காது. ஆனால் யாரும் சொல்லாமல் அது உங்களுக்கு எப்படித் தெரியும்? ஆறு மாதம் முறையாகச் செய்தும் தீராவிட்டால், ஊசிக்கு முன் ஷாக்வேவ் (வலிக்கும் இடத்தில் ஒலி அலைகளைச் செலுத்தும்) சிகிச்சையைப் பற்றி எலும்பு மருத்துவரிடம் கேளுங்கள். பொதுவாக வாரம் ஒருமுறையாக மூன்று முதல் ஐந்து முறை கொடுப்பார்கள்.

பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேருக்கு ஒரு வருடத்துக்குள் கத்தி படாமலே இது தீர்ந்துவிடுகிறது. மீதிப் பேருக்கு ஆபரேஷன் செய்தாலும் அதில் முக்கியமான வேலை முள்ளைச் சீவுவது அல்ல, பட்டையின் ஒரு பகுதியைத் தளர்த்துவது. அதையும் பாதிக்கு மேல் வெட்டிவிட்டால் பாதத்தின் வளைவு தாழ்ந்து, வலி வெளிப்பக்கத்துக்கு இடம் மாறும். நான்கு மாத வலிக்கு இந்த இடத்துக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.

கடைசியாக உங்கள் மாலை நடை. சர்க்கரைக்கு அது தேவை, விட்டுவிடாதீர்கள். இப்போது நடக்கும் நேரத்தைப் பாதியாக்கி, சமதளமான மண் தரையில், நல்ல ஷூவோடு நடங்கள். குறைந்த பாதி நேரத்துக்குச் சைக்கிளோ நீச்சலோ ஈடு செய்யும். காலை மதிப்பெண் ஒரு வாரம் ஏறாமல் இருந்தால் அடுத்த வாரம் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஏறினால் முந்தைய வாரத்து அளவுக்கே திரும்புங்கள். ஓட்டம், ஸ்கிப்பிங் போன்றவை வேண்டுமென்றால், வலது காலில் மட்டும் நின்று இருபது முறை வலியில்லாமல் குதிகாலை உயர்த்தி இறக்க முடிகிற நாள் வரை பொறுத்திருங்கள்.